பாகம் பிரித்தால் பண்ணை நிற்குமா? தொடக்கக்கால அமெரிக்காவின் குடும்ப நிலங்கள்

அமெரிக்கா என்றால் கண்ணுக்கு எட்டிய வரை நிலம் கிடந்த நாடு, அங்கே அண்ணன் தம்பிக்குள் நிலத்தகராறு எதற்கு வந்திருக்கும் என்றுதான் நமக்குத் தோன்றும். ஆனால் 1750 வாக்கில் மாசசூசெட்ஸின் பழைய ஊர்களில் ஒரு விவசாயி கண்ணை மூடினால், அவர் விட்டுப்போன நிலத்தை எப்படிக் கூறு போடுவது என்பதுதான் அந்தக் குடும்பத்தின் அடுத்த இருபது ஆண்டுகளைத் தீர்மானித்தது. யார் ஊரில் இருப்பது, யார் வெளியூர் கிளம்புவது, யாருக்குக் கல்யாணம் தள்ளிப்போவது, அம்மா எந்த அறையில் படுப்பது என்பதெல்லாம் அந்தப் பிரிவினையில்தான் முடிவாயின.

அங்கே குடியேறியவர்கள் விட்டுவந்த இங்கிலாந்தில் சட்டம் நேரானது. உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால் நிலம் முழுவதும் மூத்த மகனுக்கு. மற்ற பிள்ளைகளுக்கு ஆடுமாடு, பணம், பாத்திரம் போன்ற அசையும் சொத்தில்தான் பங்கு. கென்ட் பகுதியில் மட்டும் எல்லா மகன்களும் சமமாகப் பிரித்துக்கொள்ளும் பழைய வழக்கம் இருந்தது. மற்ற இடங்களில் நிலம் சிதறக் கூடாது, குடும்பத்தின் செல்வாக்கு ஒரே கையில் நிற்க வேண்டும் என்பதுதான் கணக்கு. தம்பிகள் தேவாலயத்துக்கோ கப்பலுக்கோ ஏதாவது தொழிலுக்கோ போய்ப் பிழைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

நியூ இங்கிலாந்து என்பது மாசசூசெட்ஸ், கனெக்டிகட் முதலான, இங்கிலாந்தின் ஆட்சியில் இருந்த வடகிழக்குக் குடியேற்றங்கள். அங்கே இருந்தவர்களில் பெரும்பாலோர் இதை அப்படியே ஏற்கவில்லை. மாசசூசெட்ஸின் 1641-ஆம் ஆண்டு உரிமைச் சாசனம், உயில் இல்லாமல் பெற்றோர் இறந்தால் நிலம், அசையும் சொத்து இரண்டிலுமே மூத்த மகனுக்கு இரட்டைப் பங்கு என்று வைத்தது. மகனே இல்லையென்றால் மகள்கள் கூட்டாக வாரிசு. இந்த இரட்டைப் பங்கு பைபிளிலிருந்து வந்தது. தலைப்பிள்ளைக்கு இரண்டு பங்கு கொடுக்கச் சொல்கிறது உபாகமம் 21-ஆம் அதிகாரம். அங்கே குடியேறிய ப்யூரிட்டன்கள் என்ற கண்டிப்பான கிறிஸ்தவர்களுக்கு அதைவிடப் பெரிய சட்டப் புத்தகம் கிடையாது. ஆனால் வேதம் மட்டுமே காரணம் என்று நான் நினைக்கவில்லை. காட்டை அழித்து, கல் பொறுக்கி, வேலி போட்டு நிலத்தை உருவாக்கியதில் பிள்ளைகள் எல்லோருடைய உழைப்பும் இருந்தது. கூலிக்கு ஆள் கிடைக்காத ஊரில் மகன்தான் கூலியாள். பத்து வருஷம் தகப்பன் நிலத்தில் பாடுபட்ட இளையவனிடம் உனக்கு ஒன்றுமில்லை என்று சொல்லியிருந்தால் அவன் அந்தப் பத்து வருஷமும் அங்கே இருந்திருக்க மாட்டான். மூத்தவன் அதிக காலம் உழைத்தான், அதனால் அவனுக்குக் கூடுதல். மற்றவர்களும் உழைத்தார்கள், அதனால் அவர்களுக்கும் உண்டு. நியாயமான ஏற்பாடுதான்.

கணக்குப் போடுவது சுலபம். பிள்ளைகள் எத்தனை பேரோ அதோடு ஒன்றைக் கூட்டிக்கொள்ள வேண்டும். நாலு பிள்ளை என்றால் ஐந்து பங்கு, அதில் இரண்டு மூத்தவனுக்கு.

இதை ஒரு குடும்பம் லண்டன் வரை கொண்டுபோனது. அந்த வழக்கைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வெயிட் ஸ்டில் வின்த்ராப் என்பவர் 1717-இல் பாஸ்டனில் உயில் எழுதாமல் இறந்தார். மாசசூசெட்ஸின் முதல் ஆளுநரின் பேரன், பெரிய குடும்பம். ஒரு மகன் ஜான், ஒரு மகள் ஆன். மகளை தாமஸ் லெச்மியர் என்ற வணிகருக்குக் கட்டிக்கொடுத்திருந்தார். கனெக்டிகட்டிலும் குடும்பத்துக்கு நிறைய நிலம் இருந்தது. அங்கே 1699-ஆம் ஆண்டுச் சட்டப்படி மகனுக்கு மூன்றில் இரண்டு, மகளுக்கு மூன்றில் ஒன்று. ஜான் ஒப்புக்கொள்ளவில்லை. இங்கிலாந்துச் சட்டப்படி நிலம் முழுக்க எனக்கே என்று வாதாடினார். கனெக்டிகட்டில் தோற்றதும் கப்பலேறி லண்டன் போய், குடியேற்றங்களின் வழக்குகளில் கடைசி வார்த்தை சொல்லும் அரசரின் ஆலோசனை அவையான பிரிவி கவுன்சிலில் முறையிட்டார். 1728-இல் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. கனெக்டிகட்டின் வாரிசுச் சட்டம் இங்கிலாந்துச் சட்டத்துக்கு முரணானது, ஆகவே செல்லாது என்றார்கள்.

அந்தச் செய்தி வந்து சேர்ந்தபோது கனெக்டிகட்டில் எப்படியிருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சட்டம் இனிமேல் செல்லாது என்பதோடு விஷயம் முடியவில்லை. அந்தச் சட்டத்தையும் அதற்கு முந்தைய வழக்கத்தையும் நம்பித்தான் பல பத்தாண்டுகளாக ஒவ்வொரு குடும்பமும் பாகம் பிரித்திருந்தது. தம்பிகளும் தங்கைகளும் தங்கள் பங்கை விற்றிருந்தார்கள். வாங்கியவர் வீடு கட்டியிருந்தார், அவர் பிள்ளைகள் அதையும் பிரித்திருந்தார்கள். இப்போது எந்த மூத்த மகனும், அவனுடைய மூத்த மகனும், வந்து மொத்தமும் என்னுடையது என்று கேட்கலாம். ஒரே தீர்ப்பில் ஒரு குடியேற்றத்தின் பத்திரங்கள் எல்லாமே ஆட்டம் கண்டன. பக்கத்து மாசசூசெட்ஸிலும் அதே பயம். பத்து வருஷம் கழித்து, 1738-இல், மாசசூசெட்ஸின் இதே மாதிரியான சட்டம் பற்றி இன்னொரு வழக்கு அதே பிரிவி கவுன்சிலுக்குப் போனது. அப்போது அந்தச் சட்டம் செல்லும் என்றார்கள். மாசசூசெட்ஸ் தன் சட்டங்களை லண்டனுக்கு அனுப்பி ஒப்புதல் பெற வேண்டிய குடியேற்றம், கனெக்டிகட்டுக்கு அந்தக் கட்டாயம் இல்லை, இரண்டுக்கும் அதுதான் பெரிய வித்தியாசம். கனெக்டிகட்டுக்கு நிம்மதி கிடைக்க 1745 வரை ஆனது. வழக்கில் ஜெயித்த ஜான் வின்த்ராப் ஊர் திரும்பவே இல்லை, இங்கிலாந்திலேயே இருந்து அங்கேயே காலமானார்.

நிலத்தை அளக்க வந்தவர்கள்

சரி, உயில் இல்லாத ஒரு சாதாரண குடும்பத்தில் பாகம் பிரிப்பது எப்படி நடந்தது? மாசசூசெட்ஸின் 1692-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வாரிசு விவகாரங்களைப் பார்க்கும் நீதிபதி, சொந்த நிலம் வைத்திருக்கிற ஐந்து பேரை நியமிப்பார். பெரும்பாலும் அதே ஊர்க்காரர்கள். இறந்தவரைத் தெரியும், அவர் நிலத்தில் எந்த மூலையில் தண்ணீர் நிற்கும், எங்கே பாறை என்பதும் தெரியும். சத்தியப் பிரமாணம் செய்துவிட்டு அவர்களில் மூன்று பேராவது சேர்ந்து நிலத்தைப் பிரித்து எல்லை குறித்துக் கொடுக்க வேண்டும்.

கூடவே சங்கிலி வரும். 66 அடி நீளம், 100 கண்ணி. பத்துச் சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். (நம் ஊர் சர்வேக்காரர்களும் இதே சங்கிலியைத்தான் இழுத்தார்கள். நாம் சொல்லும் சென்ட் என்பது இந்தக் கணக்கில் சரியாக ஆயிரம் சதுரக் கண்ணி.) எல்லைகளை எழுதும் விதம் எளிமையாக இருக்கும்: ஓடைக்கரையில் குறி வெட்டிய வெள்ளை ஓக் மரத்தில் தொடங்கி, இன்னார் நிலத்தை ஒட்டி இத்தனை கோல் கிழக்கே போய், கம்பும் கல் குவியலும் இருக்கிற இடத்தில் திரும்பி, இப்படியே சுற்றி வந்து மறுபடி அந்த ஓக் மரத்தில் முடியும். ஓக் மரம் விழும், ஓடை திசை மாறும், கல் குவியலை யாரோ வேலிக்கு எடுத்துப் போவார்கள். அப்புறம் அடுத்த தலைமுறை கோர்ட்டுக்குப் போகும்.

ஒரு நியூ இங்கிலாந்துப் பண்ணை ஒரே துண்டு நிலம் கிடையாது. உழுகிற வயல் சில ஏக்கர்தான் இருக்கும். மாட்டுக்கு வைக்கோல் தரும் புல்வெளி ஓரிடம், மேய்ச்சல் கரடு ஓரிடம், கடலோரம் என்றால் உப்புச் சதுப்பில் ஒரு பங்கு, ஊருக்கு வெளியே விறகுக் காடு. இதில் எது இல்லாவிட்டாலும் பண்ணை ஓடாது. புல்வெளி இல்லாமல் மாடு இல்லை, மாடு இல்லாமல் எரு இல்லை, எரு இல்லாமல் மக்காச்சோளம் இல்லை. விறகு அதைவிட முக்கியம். பெரிய திறந்த அடுப்பு வைத்த வீடு ஒரு குளிர்காலத்துக்குள் இருபது, முப்பது கார்டு விறகை விழுங்கிவிடும். எட்டடி நீளம், நாலடி அகலம், நாலடி உயரம் அடுக்கினால் ஒரு கார்டு. காடு தானாக வளர்ந்து அதைத் திருப்பித் தர வேண்டுமென்றால் ஏறக்குறைய அத்தனை ஏக்கர் காடு வேண்டும். எனவே ஆளுக்கு இவ்வளவு ஏக்கர் என்று மேலோட்டமாகப் பிரித்தால் ஒருவனுக்கு வெறும் கரடும் இன்னொருவனுக்கு வெறும் சதுப்பும் போய்விடும். எல்லாவற்றிலும் ஒவ்வொரு துண்டு கொடுத்தால் யாருக்கும் பயன்படாத துணுக்குகள் மிஞ்சும். அந்த ஐந்து பேரின் வேலை லேசானதாக இருந்திருக்காது.

எல்லோருக்கும் முன்னால் விதவையின் பங்கைப் பிரிக்க வேண்டும். நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு அவருக்கு, ஆனால் ஆயுள் வரை அனுபவிக்க மட்டும். விற்க முடியாது, யாருக்கும் எழுதிவைக்க முடியாது. இந்த மூன்றில் ஒன்று வீட்டுக்கும் சேர்த்துத்தான். அப்போது எழுதிய பாகப் பத்திரங்களில் இந்தப் பகுதியைப் படித்தால் மனதுக்குக் கஷ்டமாக இருக்கும். மேற்குப் பக்கத்துக் கீழ் அறை, அதற்கு மேலே உள்ள மாடி அறை, நிலவறையில் மூன்றில் ஒரு பகுதி. சமையலறை அடுப்பில் ரொட்டி சுட்டுக்கொள்ள அனுமதி. முன்வாசல் வழியாகப் போக வர உரிமை. கிணற்றில் தண்ணீர் எடுக்க உரிமை. களஞ்சியத்தில் தன் தானியத்தை அடித்துக்கொள்ள இடம், ஒரு மாட்டைக் கட்ட இடம். முப்பது வருஷம் தானே ஆண்ட வீட்டில், அடுப்படிக்குப் போவதற்கு ஒரு பெண்ணுக்குச் சட்டப்படி அனுமதி எழுதித் தர வேண்டியிருந்தது. இப்படி எழுத்தில் இல்லாவிட்டால் மருமகளின் தயவில் இருக்க வேண்டும் என்று அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரிந்திருந்தது, அதனால்தான் நடைவழி வரைக்கும் எழுதினார்கள்.

விவரம் தெரிந்த தகப்பன்மார் சாகும் வரை காத்திருக்கவில்லை. நிலத்தை ஒரு மகனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு அவனிடம் பிணைப்பத்திரம் வாங்கிக்கொள்வார்கள். ஆண்டுக்கு இத்தனை புஷல் சோளம், இத்தனை புஷல் ரை என்ற தானியம், இத்தனை பவுண்டு பன்றிக்கறி, இத்தனை பீப்பாய் ஆப்பிள் சைடர், கணப்பின் அளவுக்கு வெட்டி வாசலில் அடுக்கிய விறகு, ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் போகக் குதிரை. மகன் தவறினால் நிலம் திரும்பிவிடும், அல்லது அபராதம். பெற்ற பிள்ளையிடமே பத்திரம் வாங்க வேண்டுமா என்று யாரும் கூச்சப்பட்டதாகத் தெரியவில்லை.

பண்ணையைக் கெடுக்காமல் பிரிப்பது

இப்போது ஒரு கணக்கு. தொண்ணூறு ஏக்கர் நிலம், மனைவி, ஆறு பிள்ளைகள். மனைவிக்கு முப்பது ஏக்கர் ஆயுள் வரை. மீதி அறுபது ஏக்கரை ஏழு பங்காக்கினால் பங்குக்கு எட்டரை ஏக்கர். மூத்தவனுக்குப் பதினேழு. அம்மா காலமானதும் அந்த முப்பது ஏக்கரும் மறுபடி ஏழு பங்காகும். எட்டரை ஏக்கரில் புல்வெளி எது, காடு எது, வயல் எது? ஒரு பண்ணை போய் ஆறு துணுக்குகள் மிஞ்சும்.

இதைச் சட்டம் எழுதியவர்கள் முன்பே யோசித்திருந்தார்கள். 1692 சட்டத்தில் ஒரு வழி வைத்தார்கள். வீட்டையும் நிலத்தையும் எல்லாப் பிள்ளைகளுக்கும் பிரித்தால் மொத்தமும் கெட்டுப்போகும் என்று நீதிபதிக்குத் தெரிந்தால், முழுவதையும் மூத்த மகனுக்கே கொடுத்துவிடலாம். அவன் வேண்டாம் என்றால் அடுத்தடுத்த மகன்களுக்கு. சொந்த நிலம் உள்ள மூன்று பேர் சத்தியம் செய்து மதிப்புப் போடுவார்கள். எடுத்துக்கொண்டவன் மற்றவர்களின் பங்கைப் பணமாகத் தர வேண்டும், அல்லது தகுந்த காலத்தில் தருகிறேன் என்று பிணை கொடுக்க வேண்டும்.

இந்த ஒரு வழிதான் நியூ இங்கிலாந்துப் பண்ணைகளை உயிரோடு வைத்திருந்தது என்பேன். அதே சமயம், நிலம் கிடைத்தவன் அதிர்ஷ்டசாலி என்றும் சொல்லிவிட முடியாது. நாணயம் அரிதாகப் புழங்கிய ஊரில் தங்கைகளுக்கும் தம்பிகளுக்கும் எதைக் கொடுப்பது? மாடாக, தானியமாக, பலகையாக, கடன் பத்திரமாகக் கொடுத்தார்கள். முப்பது வயதில் நிலத்தை எடுத்தவன், கூடப் பிறந்தவர்களின் பங்கை அடைத்து முடிக்கும்போது அவன் பிள்ளைகளுக்கே கல்யாண வயது வந்திருக்கும். பென்சில்வேனியாவிலும் இதே மாதிரிதான் நடந்தது. லங்காஸ்டர் பக்கம் குடியேறிய ஜெர்மானியக் குடும்பங்கள் பல, ஒரு மகன் பண்ணையை எடுத்துக்கொண்டு மற்றவர்களுக்கு வருஷா வருஷம் தவணை கட்டும் முறையை வைத்திருந்தன.

மகள்களின் பங்கு பெரும்பாலும் கல்யாணத்தின்போதே போய்விட்டது. பசுமாடு, இறகு மெத்தை, பியூட்டர் என்ற வெள்ளீயக் கலவைத் தட்டுகள், துணிமணி, இரும்புப் பானை. தகப்பன் அதைக் கணக்குப் புத்தகத்தில் விலையோடு எழுதிவைப்பார். அவர் இறந்தபின் பாகம் பிரிக்கும்போது ஏற்கெனவே கொடுத்ததைக் கழித்துவிட்டு மீதிதான். மகன்களுக்கு முன்கூட்டிக் கொடுத்ததற்கும் இதே கழிவு உண்டு. மகளுக்கு நிலமே கிடைத்தாலும், கல்யாணமான பெண்ணின் நிலத்தை நிர்வகிப்பது கணவன்தான். நியூயார்க்கில் ஹட்சன் ஆற்றங்கரை டச்சுக்காரர்கள் இந்த விஷயத்தில் எவ்வளவோ மேல். கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரே உயில் எழுதுவார்கள், இருப்பவர் ஆண்டு அனுபவிப்பார், பிறகு மகனுக்கும் மகளுக்கும் சரிசமம். 1664-இல் ஆங்கிலேயர் அந்த இடத்தைப் பிடித்தபின் இரண்டு தலைமுறைக்குள் அந்த வழக்கம் தேய்ந்துபோனது. பெரிய இழப்பு.

பிரிவினையை அதன் போக்கில் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு வடக்கே பிரெஞ்சுக்காரர்களின் கனடா இருந்தது. செயின்ட் லாரன்ஸ் ஆற்றை ஒட்டி, ஆற்றுமுகம் குறுகலாகவும் உள்ளே நீளமாகவும் போகும் பட்டைகளாக நிலம் கொடுத்திருந்தார்கள். ஒவ்வொரு வாரிசுக்கும் ஆற்றுமுகம் வேண்டும், எனவே நீளவாக்கில் கீறிக்கொண்டே போனார்கள். 1745-இல் அரசாணை போட வேண்டியதாயிற்று: ஒன்றரை ஆர்பான், அதாவது 290 அடி அளவுக்காவது அகலமில்லாத நிலத்தில் யாரும் வீடு கட்டக் கூடாது.

அடுத்த நிலம் யாருடையது

மாசசூசெட்ஸின் ஆண்டோவர் ஊர், குடும்பங்களும் நிலமும் எப்படி நகர்ந்தன என்பதை நன்றாகக் காட்டுகிறது. 1646-இல் ஊரானது. முதல் தலைமுறைத் தகப்பன்மார்களிடம் தாராளமாக நிலம் இருந்தது. மகனுக்குக் கல்யாணம் ஆனதும் தங்கள் நிலத்திலேயே ஒரு பக்கம் வீடு கட்ட விட்டார்கள், உழ விட்டார்கள். பத்திரம் மட்டும் எழுதிக் கொடுக்கவில்லை. பலருக்குத் தகப்பன் இறந்தபிறகுதான் நிலம் சொந்தமாயிற்று. நாற்பது வயது ஆள், நாலு பிள்ளைக்குத் தகப்பன், தான் உழும் நிலத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாமல் அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். கிழவர்களின் அதிகாரம் முழுக்க அந்த எழுதாத பத்திரத்தில் இருந்தது. மூன்றாம், நான்காம் தலைமுறையில் நிலம் போதவில்லை, பிடியும் தளர்ந்தது. பிள்ளைகள் கிளம்பினார்கள். 1725-இல் மெரிமாக் ஆற்றின் மேல்பகுதியில் பெனகூக் என்ற இடத்தில் புது ஊருக்கு அனுமதி கிடைத்தபோது ஆண்டோவர்க்காரர்களும் பக்கத்து ஊரான ஹேவரில்காரர்களும் அங்கே போனார்கள். இன்றைய நியூ ஹாம்ப்ஷயரின் தலைநகர் கான்கார்ட் அதுதான். 1753-இல் கனெக்டிகட்காரர்கள் சஸ்குஹன்னா கம்பெனி என்று ஒன்றைத் தொடங்கி, பென்சில்வேனியா தன்னுடையது என்று சொன்ன பள்ளத்தாக்கில் போய் இறங்கி, அதற்காகப் பின்னால் துப்பாக்கிச் சண்டையே நடந்தது.

இங்கேதான் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது வருகிறது. எல்லாப் பிள்ளைகளுக்கும் பங்கு என்ற அமெரிக்கக் கொள்கையை அறிஞர்களும் அரசியல்வாதிகளும் பெருமையாகப் பேசியிருக்கிறார்கள். பெருமைப்பட விஷயம் இருக்கிறது. ஆனால் அந்தக் கொள்கை உடையாமல் நின்றதற்குக் காரணம், பங்கு போதாதவன் போய்ச் சேர இன்னொரு நிலம் எப்போதும் இருந்ததுதான். அது காலி நிலம் அல்ல. ஆண்டோவரையே எடுத்துக்கொள்ளுங்கள். மாசசூசெட்ஸ் என்றே பெயர் கொண்ட பூர்வகுடி மக்களின் தலைவர் கட்ஷமாஷே என்பவரிடம் ஆறு பவுண்டும் ஒரு கோட்டும் கொடுத்து அந்த ஊர் முழுவதையும் வாங்கினார்கள். ரோஜர் என்று ஆங்கிலேயர் கூப்பிட்ட பூர்வகுடி ஒருவர் தான் பயிரிட்டுவந்த நாலு ஏக்கரை வைத்துக்கொள்ளலாம், அவரும் அவர் ஆட்களும் சாப்பாட்டுக்கு மட்டும் ஆற்றில் மீன் பிடிக்கலாம், குடியேறியவர்களின் சோளத்தைச் சேதப்படுத்தினாலோ திருடினாலோ மீன் பிடிக்கும் உரிமை என்றைக்குமாகப் போய்விடும் என்று அந்த விற்பனையிலேயே எழுதியிருக்கிறது. வின்த்ராப் குடும்பத்தால் ஒரு பங்குக்காக லண்டன் வரை போய் வழக்காட முடிந்தது. ரோஜரின் பிள்ளைகளுக்குப் பாகம் பிரிக்க நீதிபதி யாரையும் நியமிக்கவில்லை.

வர்ஜீனியாவில் மூத்தவன் மட்டும்

தெற்கே புகையிலை நாட்டில் இங்கிலாந்துச் சட்டமே நின்றது. உயில் இல்லையென்றால் நிலம் மூத்தவனுக்கு. அதோடு, ஒரு நிலத்தை இந்த வழியில்தான் தலைமுறை தலைமுறையாக இறங்க வேண்டும், நடுவில் யாரும் விற்கவோ பிரிக்கவோ கூடாது என்று கட்டிவைக்கும் முறையும் இருந்தது. 1705-க்குப் பிறகு அந்தக் கட்டை அவிழ்க்க வர்ஜீனியாச் சட்டசபையே தனிச் சட்டம் போட வேண்டும். ஆனாலும் உயில் எழுதிய தகப்பன்மார் பெரும்பாலும் பல மகன்களுக்கு நிலம் வைத்தார்கள். ஜார்ஜ் வாஷிங்டனின் தகப்பனார் 1743-இல் இறந்தபோது, பிற்காலத்தில் மவுண்ட் வெர்னன் ஆன பண்ணை மூத்தவர் லாரன்ஸுக்கு, போப்ஸ் க்ரீக் பண்ணை அடுத்தவருக்கு, பதினோரு வயது ஜார்ஜுக்கு ஃபெரி பண்ணை. அது போதாது என்பதால்தான் அந்தப் பையன் சர்வே வேலை கற்றுக்கொண்டு 17 வயதில் ஒரு மாவட்டத்தின் நில அளவையாளரானார்.

1776 அக்டோபரில் தாமஸ் ஜெஃபர்சன், நிலத்தைத் தலைமுறைகளுக்குக் கட்டிவைக்கும் அந்த முறையை ஒழிக்கும் சட்டத்தை வர்ஜீனியாச் சட்டசபையில் கொண்டுவந்தார். அடுத்து மூத்தவன் உரிமை. எட்மண்ட் பென்டில்டன் என்ற மூத்த சட்ட வல்லுநர் அதைக் காப்பாற்றப் பார்த்தார். முடியாது என்று தெரிந்ததும், சரி, பைபிளில் உள்ள எபிரேய முறைப்படி மூத்தவனுக்கு இரட்டைப் பங்காவது கொடுங்கள் என்றார். மூத்தவன் இரண்டு மடங்கு சாப்பிடுவானென்றால், இரண்டு மடங்கு வேலை செய்வானென்றால் கொடுக்கலாம், மற்றவர்களைப் போலத்தான் என்றால் பங்கும் மற்றவர்களைப் போலத்தான் என்று தாம் பதில் சொன்னதாக ஜெஃபர்சன் முதுமையில் எழுதினார். மூத்தவன் உரிமையை நீக்கிச் சமபங்கு தரும் அந்தச் சட்டம் 1785-இல் நிறைவேறி, 1787 ஜனவரி முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. ஜார்ஜியா 1777-லேயே தன் அரசியலமைப்பில் சமபங்கு எழுதியிருந்தது. மாசசூசெட்ஸ் 1789-இலும் பென்சில்வேனியா 1794-இலும் இரட்டைப் பங்கைக் கைவிட்டன.

அந்தச் சமபங்கில் மனிதர்களும் இருந்தார்கள். வர்ஜீனியாவின் 1705 சட்டம் அடிமைகளை நிலத்தோடு சேர்ந்த அசையாச் சொத்து என்றது. ஆகவே நிலத்தைப் போலவே வாரிசுக்கு இறங்குவார்கள், விதவைக்கு மூன்றில் ஒரு பங்கு ஆயுள் வரை போகும். ஜெஃபர்சனின் மாமனார் ஜான் வெயில்ஸ் 1773-இல் இறந்தபோது மகள்களுக்குள் பாகமாயிற்று. ஜெஃபர்சன் பங்குக்கு ஏறத்தாழ 11,000 ஏக்கரும் 135 மனிதர்களும் வந்தார்கள். கூடவே பெரும் கடனும். கடனுக்காக நிலத்தில் பாதியை விற்றார்.

பின்னால் ஜார்ஜ் வாஷிங்டனுடையதான மவுண்ட் வெர்னனில் நடந்தது இதைவிடக் கொடுமை. மார்த்தா வாஷிங்டனின் முதல் கணவர் டேனியல் கஸ்டிஸ் 1757-இல் உயில் எழுதாமல் இறந்ததால், மார்த்தாவுக்கு அடிமைகளில் மூன்றில் ஒரு பங்கு ஆயுள் அனுபவமாக வந்தது. அவர்களும் அவர்களுக்குப் பிறந்த பிள்ளைகளும் கஸ்டிஸ் வாரிசுகளுக்குச் சேர வேண்டியவர்கள். ஜார்ஜ் வாஷிங்டன் 1799-இல் இறக்கும்போது தம்முடைய 123 பேருக்கு விடுதலை எழுதிவைத்தார். 1801 ஜனவரியில் மார்த்தா அவர்களை விடுவித்தார். கஸ்டிஸ் சொத்தைச் சேர்ந்த 153 பேரை வாஷிங்டனும் விடுவிக்க முடியாது, மார்த்தாவும் விடுவிக்க முடியாது. நாற்பது வருஷத்தில் இரண்டு பக்கத்தாரும் கல்யாணம் செய்துகொண்டு ஒரே குடும்பமாகியிருந்தார்கள். பிள்ளை தாயின் நிலையைத்தான் பெறும் என்பது சட்டம். எனவே விடுதலையான தகப்பன் வெளியே நிற்க, மனைவியும் மக்களும் 1802-இல் மார்த்தா இறந்ததும் நாலு பேரப்பிள்ளைகளுக்கு நாலு பங்காகப் போனார்கள். வெவ்வேறு பண்ணைகளுக்கு. விதவைக்கு மூன்றில் ஒரு பங்கு என்ற, நியூ இங்கிலாந்தில் ஒரு கிழவிக்கு அடுப்பும் கிணறும் வாங்கிக்கொடுத்த அதே விதிதான் இதையும் செய்தது.

எட்டு மாத வித்தியாசம்

சட்டம் எந்தத் தேதியில் மாறுகிறது என்பது ஒரு குடும்பத்துக்கு என்ன செய்யும் என்பதற்கு லிங்கன் குடும்பத்தைப் பார்க்கலாம். ஜனாதிபதி லிங்கனின் தாத்தா, அவர் பெயரும் ஆபிரகாம்தான், வர்ஜீனியாவின் ஷெனான்டோவா பள்ளத்தாக்கிலிருந்து கென்டக்கிக்குப் போய் 5,000 ஏக்கருக்கு மேல் நிலம் சேர்த்தவர். 1786 மே மாதம், வயலில் வேலையில் இருந்தபோது அப்பகுதிப் பூர்வகுடியினர் சுட்டுக் கொன்றார்கள். உயில் இல்லை. கென்டக்கி அப்போது வர்ஜீனியாவின் ஒரு பகுதி, புதிய சமபங்குச் சட்டம் நடைமுறைக்கு வர இன்னும் எட்டு மாதத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தது. மூத்த மகன் மார்டகாய்க்கு நிலம் முழுக்கப் போயிற்று. கடைசிப் பையன் தாமஸுக்கு, அதாவது ஜனாதிபதியின் தகப்பனாருக்கு, எட்டு வயதிருக்கும். ஒன்றும் கிடைக்கவில்லை. அலைந்து கூலி வேலை செய்த பையன், படிப்பே இல்லாமல் வளர்ந்தார் என்று அவர் மகன் பிற்பாடு எழுதினார்.

தாமஸ் தச்சு வேலை செய்து கென்டக்கியில் நிலம் வாங்கினார். அங்கே ஓக் மரத்தையும் ஓடையையும் வைத்து எழுதிய எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கிடந்தன, ஒரே நிலத்துக்கு இரண்டு மூன்று பேர் பத்திரம் வைத்திருந்தார்கள். வழக்குகளில் அவர் கை நழுவிப் போனது நிறைய. 1816-இல் இண்டியானாவுக்குக் கிளம்பினார். அடிமை முறையும் ஒரு காரணம், முக்கியக் காரணம் கென்டக்கி நிலப் பத்திரத் தொல்லைதான் என்று மகன் 1860-இல் எழுதினார். ஓஹையோ ஆற்றுக்கு அந்தப் பக்கம் 1785-ஆம் ஆண்டு நிலச் சட்டப்படி அரசாங்கமே நிலத்தைச் சதுரம் சதுரமாக அளந்து விற்றது, ஒரு சதுர மைலுக்கு 640 ஏக்கர். 1787-ஆம் ஆண்டு வடமேற்கு நிலச் சட்டம் அங்கே பிள்ளைகளுக்குச் சமபங்கு, விதவைக்கு ஆயுள் வரை மூன்றில் ஒன்று என்று முதலிலேயே எழுதிவைத்திருந்தது. அந்த நிலத்தை 1804-இல் டெலவேர், பியாங்கஷா மக்களிடமிருந்து உடன்படிக்கையில் வாங்கியிருந்தார்கள். தாமஸ் 160 ஏக்கருக்கு ஏக்கர் இரண்டு டாலர் விலையில் பதிந்தார். முழுப் பணமும் கட்ட முடியாமல் பாதியைத் திருப்பிக் கொடுத்து 80 ஏக்கரை மீட்டார்.

பிறகு இலினாய். அங்கே 1851 ஜனவரியில் தாமஸ் இறந்தார், 80 ஏக்கர் விட்டுவிட்டு. வக்கீலாகியிருந்த ஆபிரகாம் தன் பாகத்தை ஒரு டாலருக்கு மாற்றாந்தாயின் மகன் ஜான் ஜான்ஸ்டனுக்கு எழுதிக் கொடுத்தார், மாற்றாந்தாய் சாராவின் மூன்றில் ஒரு பங்குக்கு உட்பட்டு. அதை ஒட்டிய 40 ஏக்கரை ஆபிரகாம் 1841-லேயே 200 டாலருக்கு வாங்கி, பெற்றோர் உயிரோடு இருக்கும் வரை அனுபவிக்கலாம் என்று வைத்திருந்தார். ஜான்ஸ்டன் எல்லாவற்றையும் விற்றுவிட்டு மிசௌரி போகத் திட்டமிட்டபோது அந்த நவம்பரில் ஆபிரகாம் கண்டிப்பாக ஒரு கடிதம் எழுதினார். கிழக்கு நாற்பது ஏக்கர் அம்மா இருக்கும் வரை அம்மாவுக்குத்தான், நீ உழாவிட்டால் குத்தகைக்குப் போகும், அதில் ஏதாவது வரும். மற்ற இரண்டு நாற்பதுகளில் உள்ள தன் விதவைப் பங்கை அவர் விரும்பினால் உனக்குக் கொடுக்கட்டும், அதற்கு எனக்கு நன்றி சொல்ல வேண்டியதில்லை.